டிராஃப்ட் முடிந்தது, அணி தேறுமா?

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் திருவிழா: அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். 32 அணிகள், ஏழு சுற்றுகள், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்கள். மறுநாள் காலையிலேயே ஒவ்வொரு அணிக்கும் பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி மதிப்பெண் வந்துவிடும்: இவர்களுக்கு ஏ பிளஸ், அவர்களுக்கு சி மைனஸ். அன்று மாலைக்குள் ரசிகர்கள் செப்டம்பரில் தொடங்கப்போகும் சீசனின் முடிவையே எழுதி முடித்திருப்பார்கள். ஏ வாங்கிய அணி இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குப் போகும், சி வாங்கிய அணியின் பயிற்சியாளர் வீட்டுக்குப் போவார் என்று.

முட்டை வடிவப் பந்தில் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லைப் பற்றிய பேச்சு இது. டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இப்போது இதைப் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் விதிகள் மெல்லப் பிடிபட்டுவிடுகின்றன. ஆனால் டிராஃப்டுக்குப் பிறகு ஓர் அணியை எப்படி எடைபோடுவது என்பதில்தான் பழைய ரசிகர்களே சறுக்குகிறார்கள். டிராஃப்டையும் அடுத்த சீசனையும் நேர்க்கோட்டில் இணைத்துவிடுவதுதான் காரணம். அந்தக் கோடு நாம் நினைப்பதைவிட மிக மெலிசானது.

டிராஃப்ட் என்றால் என்ன?

தெருவில் கிரிக்கெட் ஆட இரண்டு கேப்டன்கள் நின்று ஆள் பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீ ஒருத்தன், நான் ஒருத்தன். டிராஃப்டும் அதேதான், கேப்டன்கள் இரண்டுக்குப் பதில் 32 பேர். முதலில் கேட்கும் உரிமை போன சீசனில் ஆகக் குறைவாக வென்ற அணிக்கு. சாம்பியன் கடைசியில். இதே வரிசை ஏழு முறை சுற்றிவரும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் முக்கியம். இங்கே யாரும் விலை கேட்பதில்லை. ஓர் அணி ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால் அவர் அந்த அணியோடுதான் ஒப்பந்தம் பேச முடியும். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதுவே அவருடைய சம்பளத்தையும் ஏறக்குறைய முடிவுசெய்துவிடும். கையில் பணப்பை இல்லை, முறை மட்டுமே இருக்கிறது. அந்த முறையை அணிகள் தங்களுக்குள் பண்டமாற்று செய்துகொள்ளலாம். அடுத்த ஆண்டின் முறையைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம்.

இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதான ஹைஸ்மனை வென்றவர். அவர் என்.எஃப்.எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்டை வைத்து ஆருடம் சொல்வதற்கு முதல் நாளே கிடைத்த பதில் என்றுகூட இதைச் சொல்லலாம்.

மறுநாள் மதிப்பெண் எதை அளக்கிறது?

நிபுணர்கள் டிராஃப்டுக்கு முன்பே வீரர்களை வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். அவர்கள் 20ஆவது இடத்தில் வைத்த ஆளை ஓர் அணி 35ஆவதாக எடுத்தால் 'லாபம்'. 35ஆவது இடத்தில் வைத்தவரை 20ஆவதாக எடுத்தால் 'அவசரம்'. மறுநாள் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தக் கணக்குத்தான். அணியின் பட்டியல் நிபுணரின் பட்டியலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அது அளக்கிறது. வீரர் எப்படி ஆடுவார் என்பதை அளக்க அன்றைக்கு யாரிடமும் கருவி கிடையாது.

சியாட்டில் சீஹாக்ஸ் 2012இல் முதல் சுற்றில் புரூஸ் இர்வினையும், இரண்டாம் சுற்றில் பாபி வாக்னரையும், மூன்றாம் சுற்றில் உயரம் போதாது என்று பலர் ஒதுக்கிய ரஸல் வில்சனையும் எடுத்தது. அந்த ஆண்டின் மோசமான டிராஃப்ட்களில் ஒன்று என்று அப்போதே எழுதினார்கள். இரண்டாவது சீசன் முடிவில், 2014 பிப்ரவரியில், அந்த அணி டென்வரை 43-8 என்று நசுக்கி சூப்பர் பவுலைத் தூக்கியது.

தனித்தனி வீரர்கள் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. டாம் பிரேடி 2000இல் 199ஆவது ஆள். பிறகு ஏழு சூப்பர் பவுல் வென்றார். பிராக் பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது. அடுத்த ஆண்டு சீசனிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். மறுபக்கம், 2007இன் முதல் ஆள் ஜமார்கஸ் ரஸல் மூன்றே சீசனோடு லீக்கை விட்டே போய்விட்டார்.

இவையெல்லாம் விதிவிலக்குகள், மொத்தத்தில் நிபுணர் கணிப்பு சரியாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். பாதி சரி. முதல் சுற்று வீரர்கள் சராசரியாக ஆறாம் சுற்று வீரர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைத் தரம் பிரிப்பது கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பதுதான். பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் பல ஆண்டு டிராஃப்ட்களை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக அமையும் வாய்ப்பு 52 சதவீதம் என்று கண்டார்கள். குறிப்பிட்ட ஒரே ஆளுக்காக இரண்டு மூன்று முறைகளைத் தாரைவார்க்கும் அணியைக் கைதட்டி வரவேற்பதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாக, டிராஃப்ட் என்பது முறை வைத்து ஆள் பிரிப்பது. மறுநாள் மதிப்பெண் என்பது கருத்துக்கும் கருத்துக்கும் உள்ள இடைவெளி. இரண்டிலும் அடுத்த சீசனின் வெற்றி எண்ணிக்கை இல்லை.

புதியவர்கள் முதல் ஆண்டில் எவ்வளவு ஆடுவார்கள்?

ஓர் அணியில் பதிவு செய்யப்பட்ட வீரர்கள் 53 பேர். தாக்குதலுக்குப் பதினொருவர், தற்காப்புக்குப் பதினொருவர் என்று 22 பேர் தொடக்க வீரர்கள். ஏழெட்டுப் பேரை டிராஃப்டில் எடுக்கும் அணியில், முதல் வாரமே தொடக்க வரிசையில் நிற்பவர்கள் வழக்கமாக இரண்டு மூன்று பேர்தான். மீதிப்பேர் மாற்று ஆட்களாக உட்கார்ந்திருப்பார்கள், சிலர் ஆகஸ்டிலேயே கழற்றிவிடப்படுவார்கள்.

ஆடுகிறவர்களும் உடனே பழுப்பதில்லை. பெய்ட்டன் மேனிங் 1998 டிராஃப்டின் முதல் ஆள். முதல் சீசனில் 28 முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். இந்தியானாபொலிஸ் 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த ஆண்டு அப்படியே தலைகீழ்: 13 வெற்றி, 3 தோல்வி. 1998 மே மாதத்தில் "மேனிங் வந்துவிட்டார், இந்த ஆண்டு எங்களுடையது" என்றவர் தோற்றார். ஆளைப் பற்றிய கணிப்பு சரி, ஆண்டைப் பற்றிய கணிப்பு தவறு.

அதனால்தான் ஓர் அணியின் வரும் சீசனைக் கணிக்க நான் முதலில் எடுப்பது இந்த ஆண்டு டிராஃப்ட் பட்டியலை அல்ல. போன ஆண்டு, அதற்கு முந்தின ஆண்டுப் பட்டியல்களைத்தான். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் காலெடுத்து வைப்பவர்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள்? ரசிகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்காத கேள்வி இது.

ஒரே ஒரு விதிவிலக்கு

குவார்ட்டர்பேக். தாக்குதலில் பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர். மற்ற 21 இடங்களில் எந்த இடத்துக்குப் புது ஆள் வந்தாலும் அணி கொஞ்சம் மாறும். இந்த ஓர் இடம் மாறினால் அணியே மாறும். ஆனால் அவர் எந்தப் பக்கம் மாற்றுவார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை. இதற்கு 2023ஐவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த டிராஃப்டில் முதல் ஆள் பிரைஸ் யங், கரோலைனாவுக்கு. இரண்டாவது ஆள் சி. ஜே. ஸ்ட்ரௌட், ஹியூஸ்டனுக்கு. இருவரும் குவார்ட்டர்பேக்குகள். இரண்டு அணிகளும் புதுப் பயிற்சியாளரோடு தொடங்கின. முந்தைய சீசனில் கரோலைனா 7 வெற்றி, ஹியூஸ்டன் வெறும் 3. டிராஃப்ட் இரவில் கேட்டிருந்தால் கரோலைனாதான் முன்னால் போகும் என்று பலர் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது வேறு. ஸ்ட்ரௌட் எறிந்த பந்துகளால் அணி 4,108 யார்டு முன்னேறியது, எதிரணிக்குப் பறிகொடுத்தது ஐந்தே முறை. ஹியூஸ்டன் 10 வெற்றியோடு, நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவில் முதலிடம் பிடித்து பிளேஆஃப் ஆட்டம் ஒன்றையும் வென்றது. கரோலைனா 2 வெற்றி, 15 தோல்வி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் பதினோரு ஆட்டத்தோடு நீக்கப்பட்டார்.

யங் திறமையற்றவர், ஸ்ட்ரௌட் மேதை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முதல் இடத்துக்கு ஏறுவதற்காகக் கரோலைனா சிகாகோவுக்குக் கொடுத்தது என்னென்ன? அந்த ஆண்டின் முதல் சுற்று முறை, இரண்டாம் சுற்று முறை ஒன்று, 2024இன் முதல் சுற்று முறை, 2025இன் இரண்டாம் சுற்று முறை, இதற்கெல்லாம் மேலே டி. ஜே. மூர். மூர்தான் அந்த அணியில் பந்தைப் பிடிப்பவர்களில் முதன்மையானவர். எறிபவரை வாங்க, பிடிப்பவரை விற்றார்கள். எறிபவரைக் காக்கும் காவல் வரிசையும் ஓட்டையாக இருந்தது. பந்தை எறியுமுன்னே யங் 62 முறை மடக்கி வீழ்த்தப்பட்டார். மூரோ சிகாகோவில் அதே ஆண்டு பந்தைப் பிடித்து 1,364 யார்டு எடுத்தார்.

ஹியூஸ்டனில் ஸ்ட்ரௌட் வந்து சேர்ந்த வீடு வேறு மாதிரி. 2021இல் மூன்றாம் சுற்றில் எடுத்த ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) நீக்கோ காலின்ஸ் மூன்றாம் ஆண்டில் பூத்து 1,297 யார்டு எடுத்தார். 2022இல் எடுத்த டெரெக் ஸ்டிங்லியும் ஜேலன் பிட்ரியும் தற்காப்பில் இரண்டாம் ஆண்டுக்காரர்கள். புதுப் பயிற்சியாளர் டிமீகோ ரயன்ஸ் அதே அணிக்கு ஆடியவர், தற்காப்பு நுணுக்கம் தெரிந்தவர். அந்த டிராஃப்டிலேயே மூன்றாவது முறையையும் வாங்கி வில் ஆண்டர்சனை எடுத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் வீரர், சிறந்த புதிய தற்காப்பு வீரர் என்ற இரண்டு விருதுகளும் ஒரே அணிக்கு வந்தன.

கரோலைனா கொடுத்த 2024 முதல் சுற்று முறை என்ன ஆனது? கரோலைனா கடைசி இடம் பிடித்ததால் அதுவே அந்த ஆண்டின் முதல் முறையாகிவிட்டது. சிகாகோ அதைக் கொண்டு கேலப் வில்லியம்ஸை எடுத்தது. யங்கோ 2024இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு உட்கார வைக்கப்பட்டு, சில வாரம் கழித்துத் திரும்பி வந்து, நன்றாகவே தேறி ஆடினார். முதல் ஆண்டைப் பார்த்து அவரைக் கைகழுவியவர்களும் அவசரக்காரர்களே.

ஆகவே: புது குவார்ட்டர்பேக் வந்தால் அவரைப் பற்றிய கேள்வியைவிட அவரைச் சுற்றியுள்ளதைப் பற்றிய கேள்விகளே பெரியவை. யார் காப்பார்கள், யார் பிடிப்பார்கள், யார் சொல்லித்தருவார்கள்.

பணம்: ரசிகர்கள் தவிர்க்கும் பக்கம்

1994இலிருந்து என்.எஃப்.எல்லில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கான எல்லை அது. எல்லா அணிக்கும் ஒரே தொகை. 2024இல் அது 25.54 கோடி டாலர். ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும்.

2011க்கு முன்பு முதலில் எடுக்கப்படும் ஆளுக்கே பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. 2010இன் முதல் ஆள் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டு புதியவர் சம்பளத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2011இன் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி. ஓரிரவில் டிராஃப்டின் பொருளே மாறிவிட்டது. அதுவரை நல்ல ஆளைக் கண்டுபிடிக்கும் இடம். அதன்பின் நல்ல ஆளை மலிவாகப் பிடிக்கும் இடம்.

எவ்வளவு மலிவு? ஸ்ட்ரௌட்டின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 3.6 கோடி டாலர், ஆண்டுக்கு 90 லட்சம். 2024இல் டல்லாஸ் தன் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஒப்புக்கொண்டது ஆண்டுக்குச் சராசரி 6 கோடி. இந்த இடைவெளிதான் மற்ற இடங்களுக்கு ஆள் வாங்கும் காசு. சியாட்டில் செய்ததும் இதுதான். வில்சனுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. அந்த மிச்சம் இருந்ததால்தான் 2013இல் மைக்கேல் பென்னட், கிளிஃப் ஏவ்ரில் என்று எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் இருவரைச் சேர்க்க முடிந்தது. அந்த சூப்பர் பவுலை டிராஃப்ட் மட்டும் வென்று கொடுக்கவில்லை.

இந்த வாய்ப்புக்குக் கெடு உண்டு. புதியவரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்று வீரராக இருந்தால் ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டும் உரிமை அணிக்கு இருக்கிறது. பிறகு சந்தை விலை. பர்டி அப்படித்தான், நான்கு ஆண்டுக்கு 37 லட்சம் என்ற ஒப்பந்தத்திலிருந்து 2025இல் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடிக்குத் தாவினார். ஆகவே ஓர் அணியைப் பார்க்கும்போது, அதன் குவார்ட்டர்பேக் ஒப்பந்தத்தில் எத்தனையாவது ஆண்டில் நிற்கிறார் என்று கேளுங்கள்.

போன ஆண்டு வெற்றிக் கணக்கை நம்பலாமா?

முழுதாக நம்பக் கூடாது. மினசோட்டா வைக்கிங்ஸ் 2022இல் 13 வெற்றி, 4 தோல்வி. பிரமாதமான அணி என்று தோன்றும். ஆனால் சீசன் முழுக்க அவர்கள் எடுத்த புள்ளி 424, கொடுத்தது 427. எடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள்! எப்படி? எட்டுப் புள்ளிக்குள் முடிந்த நெருக்கமான ஆட்டங்கள் பதினொன்றிலும் வென்றார்கள்; தோற்றபோது பெரிதாகத் தோற்றார்கள்.

நெருக்கமான ஆட்டங்களில் வெல்வது பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு தொடராத விஷயம். எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி வித்தியாசம் என்பார்கள். அடுத்த ஆண்டைக் கணிக்க வெற்றி எண்ணிக்கையைவிட அதுவே நம்பகமானது. அந்தக் கணக்குப்படி மினசோட்டா ஒரு நடுத்தர அணி.

2023 டிராஃப்டில் அவர்கள் 23ஆவதாக ஜோர்டன் ஆடிசனை எடுத்தார்கள். அவர் 911 யார்டும் பத்து டச்டவுனும் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி) எடுத்தார். மிகச் சரியான தேர்வு. அணியோ முதல் மூன்று ஆட்டங்களையும் நெருக்கமாகத் தோற்றது, கடைசியில் 7 வெற்றி, 10 தோல்வி. நடுவில் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸின் குதிகால் தசைநாண் அறுந்ததும் உண்மைதான். ஆனால் அவர் விழுந்த அன்றுகூட அணி நாலு வெற்றி, நாலு தோல்வி என்ற நிலைக்குத்தான் வந்திருந்தது. டிராஃப்டில் தவறே செய்யாமல் ஆறு வெற்றி குறையலாம் என்பது மே மாதத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

அட்டவணை

கடைசி இடம் பிடித்த அணிக்கு அடுத்த ஆண்டு சுலபமான எதிரணிகள் கிடைக்கும் என்பார்கள். ஆனால் 17 ஆட்டங்களில் 14, ஒரே பிரிவிலுள்ள நான்கு அணிகளுக்கும் ஏறக்குறைய பொதுவான எதிராளிகளோடுதான். போன ஆண்டு பிடித்த இடத்தால் மாறுவது மூன்றே ஆட்டங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஒரு பயிற்சி: 2024 சிகாகோ

கரோலைனா புண்ணியத்தில் கேலப் வில்லியம்ஸ், சொந்த முறையில் ஒன்பதாவதாக ரோம் ஒடுன்ஸே. மதிப்பெண் போட்டவர்கள் கொண்டாடிய டிராஃப்ட். முந்தைய சீசனில் 7 வெற்றி. பிளேஆஃப் உறுதி என்று பேச்சு.

மேலே பார்த்த கேள்விகளை வைத்துப் பாருங்கள். யார் பிடிப்பார்கள்? மூர் இருக்கிறார், ஒடுன்ஸே வந்திருக்கிறார், நன்று. பணம்? மலிவான குவார்ட்டர்பேக், நன்று. யார் காப்பார்கள்? இங்கேதான் இடித்தது. யார் சொல்லித்தருவார்கள்? தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் தற்காப்புக்காரர். தாக்குதல் பயிற்சியாளர் ஷேன் வால்ட்ரன் புதியவர். வில்லியம்ஸ் 68 முறை வீழ்த்தப்பட்டார். நவம்பரில் முதலில் வால்ட்ரன், பிறகு எபர்ஃப்ளூஸ் நீக்கம். 5 வெற்றி, 12 தோல்வி.

அதே டிராஃப்டில் இரண்டாவது ஆள் ஜேடன் டேனியல்ஸை எடுத்த வாஷிங்டன் 4 வெற்றியிலிருந்து 12க்குத் தாவியது. புதுப் பயிற்சியாளர் டேன் குவின், குவார்ட்டர்பேக்குக்கு ஏற்றபடி ஆட்டம் அமைத்த கிளிஃப் கிங்ஸ்பரி, கையிருப்புப் பணத்தில் வாங்கிய அனுபவசாலிகள் (சியாட்டிலின் அதே பாபி வாக்னர் உட்பட). ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில்.

ஆனால் ஓர் உறுத்தல். அக்டோபர் 27 அன்று இந்த இரண்டு அணிகளும் மோதின. நேரம் முடிந்த நிலையில் 15-12 என்று சிகாகோ முன்னிலை. டேனியல்ஸ் 52 யார்டு தூரத்தை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி ஒரு பந்து. கூட்டத்தில் யார் கையிலோ பட்டுத் தெறித்து, தனியாக நின்ற நோவா பிரவுனிடம் விழுந்தது. வாஷிங்டன் 18-15. அதுவரை 4 வெற்றி, 2 தோல்வி என்றிருந்த சிகாகோ அந்த ஆட்டத்திலிருந்து தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றது. வாஷிங்டன் அந்த சீசனில் இப்படிக் கடைசி நொடிகளில் தீர்ந்த ஆட்டங்கள் பலவற்றை வென்றது. 2025 மே மாதம் அந்த அணியைக் கணிக்க உட்கார்ந்தவர், புதிதாக யாரை எடுத்தார்கள் என்று பார்ப்பதற்கு முன், அந்த 12இல் எத்தனை அடுத்த ஆண்டும் வரும் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.